மாசியில பறிக்கிற சின்ன உள்ளி ஆடி வரைக்கும் நிக்கணும்னா: பறிப்பு, உணத்தல், சேமிப்பு

தக்கலை_பாத்தி

வணக்கம். குமரி மாவட்டம் தக்கலையில வீட்டுப் பின்பக்கம் 4 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில மூணு பாத்தி சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) நிக்கு. விதையுள்ளி ஊணினது கார்த்திகை 18, இன்னைக்கு 70 நாள். எண்ணிப் பார்த்தா சரிபாதிச் செடிக்குத் தாள் சாஞ்சிருக்கு, மீதி பச்சையா நிமிர்ந்து நிக்கு. இப்பவே பறிக்கலாமா, எல்லாம் சாயட்டும்னு விடலாமா? பறிச்ச பிறகு மொட்டை மாடி வெயிலா, நிழலா? தாளை உடனே நறுக்கணுமா? வைகாசிப் பாதியில இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கின பிறகும் ஆடி மாசம் வரைக்கும் கெடாம வச்சிருக்க வழி வேணும். தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

பூதப்பாண்டி_வயல்

பாதி சாஞ்சிட்டுன்னா இன்னைக்கே தண்ணியை நிறுத்திருங்க அக்கா. பறிக்க இன்னும் பத்து நாள் கிட்ட இருக்கு.

தாள் ஏன் சாயுதுன்னு விளங்கிட்டா மத்தது தானா விளங்கும். உள்ளியோட கழுத்து தண்டு கிடையாது. இலைகளோட அடிப்பாகம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி நிக்கிற குழல் அது. நடுவில புது இலை கிளம்பிக்கிட்டிருக்கிற வரைக்கும் குழல் விறைப்பா நிக்கும். காய் பெருத்து முடிஞ்சா புது இலை வராது. உள்ள வெற்றிடமாகி, மேல இருக்கிற இலைப் பாரம் தாங்காம கழுத்து மடங்கிரும். அதுக்குப் பிறகும் இலையில மிச்சமிருக்கிற சத்து கொஞ்ச நாள் காய்க்கு இறங்கிக்கிட்டேதான் இருக்கும். அதனால நூத்துக்கு 60, 70 செடி சாஞ்ச பிறகு 5 முதல் 7 நாள் விட்டுப் பறிக்கிறதுதான் கணக்கு. நூறும் சாயட்டும்னு நின்னா முதல்ல சாஞ்ச காய்க்கு மேல்தோல் மண்ணுக்குள்ளேயே மக்கும். அந்தத் தோல் போனா சேமிப்பும் போச்சு.

நிமிர்ந்து நிக்கிறதைக் காலால மிதிச்சுச் சாய்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீங்க. மடங்கினதும் கழுத்து நசுங்கினதும் ஒண்ணு இல்ல. நசுங்கின இடம் அழுகலுக்கு வாசல்.

தண்ணி நிறுத்துற நாள் மண்ணைப் பொறுத்தது. உங்க பக்கத்துச் செம்மண் ஈரம் பிடிச்சு வைக்கும், பறிப்புக்கு 10, 12 நாள் முன்னாலயே நிறுத்தணும். மணல்பாங்கான தரைக்கு 5, 6 நாள் போதும். செம்மண்ணு காஞ்சா கல்லு மாதிரி இறுகும், அப்போ தாளைப் பிடிச்சு இழுத்தா கழுத்து அறுந்து கையோட வரும். களைக்கொத்தியை ஒரு கை அகலம் தள்ளி இறக்கி, மண்ணை அடியிலிருந்து நெம்பிக் கிளப்பிவிட்டு, பிறகு கொத்தாத் தூக்குங்க. பனி உலர்ந்து 9 மணிக்கு மேல தொடங்கினா மண்ணு ஒட்டாது. வாளிக்குள்ள எறியாதீங்க. அன்னைக்குத் தெரியாத அடி பதினஞ்சாம் நாள் மெத்துன்னு ஆகி நிக்கும்.

இதுக்கிடையில கோடை மழை ஒண்ணு விழுந்தா காத்திருக்காண்டாம். காஞ்சு அடங்கின காய்மேல தண்ணி பட்டா திரும்ப வேர் விடும், மேல்தோல் வெடிக்கும். மறுநாளே பறிச்சு கூரைக்குக் கீழ கொண்டு வந்திருங்க.

மணவாளக்குறிச்சி_மாடி

உணத்துறதுக்கு மொட்டை மாடிதான் நல்லது. மாசி வெயில்ல ரெண்டு நாள் போட்டாப் போதும், தாள் எல்லாம் சருகாயிரும். நிழல்ல பத்து நாள் போட இடமும் வேணும், எலிக்குக் காவலும் வேணும்.

திருவட்டார்_தோட்டக்கலை

ரெண்டு நாள்ல சருகாகிறது தாளும் வெளித்தோலும் மட்டும். கழுத்துக்குள்ள ஈரம் அப்படியே நிக்கும். வெளிய காஞ்ச மாதிரி இருக்கிறதை நம்பிச் சாக்கில கட்டினா உள்ள இருக்கிற ஈரத்துக்குப் போக வழி கிடையாது. இந்த மாவட்டத்தில வீட்டு உள்ளி கெடுறது பெரும்பாலும் இந்த ஒரு இடத்திலதான். வெயில் போதாம கெடல, கழுத்து மூடும் முன்னாலயே அடைச்சு வைக்கிறதால கெடுது.

ரெண்டாவது, வெறும் கான்கிரீட் தளம் உச்சி வெயில்ல 50 டிகிரியைத் தாண்டும். தளத்தைத் தொட்டுக் கிடக்கிற காயோட அடிப்பக்கச் சதை அந்தச் சூட்டில வெந்துரும். பறிச்சு மூணு, நாலு நாள்ல தோலை உரிச்சுப் பார்த்தா ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி வெளிறி, அழுத்தினா விரல் பதியும். அதுதான் வெயில் வெந்த காய், அந்த இடத்திலதான் அழுகல் தொடங்கும். உணத்துறதுக்கு ஏத்த சூடு 25 முதல் 32 டிகிரி. கூடவே காத்தோட்டம் விடாம இருக்கணும். தை, மாசியில இங்க நிழலே அந்தச் சூட்டில இருக்கும், தனியா வெயில் தேவையில்ல.

மணவாளக்குறிச்சி_மாடி

தளத்தில நேரா போடாம, நார்க் கட்டில்ல போட்டு மேல பச்சை நிழல்வலை கட்டினா?

திருவட்டார்_தோட்டக்கலை

அது வேற விஷயம். தாராளமா செய்யலாம், அடியிலயும் காத்து போகும். 50 சதவீத வலை போதும், காய்க்கு மேல ஒரு முழமாவது இடைவெளி விட்டுக் கட்டுங்க. ஆனா ராத்திரி என்ன செய்வீங்க? பகல்ல சூடேறின காய்மேல சாயங்காலம் தார்ப்பாயைப் போட்டு மூடினா காய் விடுற ஆவி பாய்க்கு உள்பக்கம் துளித்துளியா நின்னு திரும்பக் காய்மேலயே சொட்டும். மூடாம விட்டா பனி. கடல் பக்கத்து மாடிக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காத்து. தோல்மேல படியுற உப்பு ராத்திரி காத்திலிருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கிடும். மாடிதான் வேணும்னா சாயங்காலம் 5 மணிக்கு முன்னால கட்டிலோட தூக்கிக் கூரைக்குக் கீழ வச்சிருங்க.

ஈத்தாமொழி_அண்ணாச்சி

கட்டிலும் வேண்டாம் வலையும் வேண்டாம், கட்டித் தொங்கவிடுங்க. அந்தக் காலத்தில ஓட்டு வீட்டுச் சாய்ப்புல இதுதான் நடைமுறை.

பறிச்ச உள்ளியை முதல் ரெண்டு நாள் பாத்தியிலேயே வரிசையாப் படுக்க வைக்கணும். ஒரு வரிசையோட தாள் அடுத்த வரிசைக் காய்மேல படுத்து மூடுற மாதிரி அடுக்கணும், காய்க்கு நேர்வெயில் படக் கூடாது. மூணாம் நாள் தாள் துவண்டு, பின்னுறதுக்கு வளையும். அப்போ ஒரு கைப்பிடி, ஒரு கிலோவுக்கு மேல போகாம, தாளைச் சேர்த்து வாழைநார்ல கட்டணும். நாரைத் தண்ணியில நனைச்சா முறியாது, ஆனா பிழிஞ்சு ஈரம் போக்கித்தான் கட்டணும். தோவாளையில பூக்கட்டுறவங்க கையில இருக்கிற அதே நார்தான், நாலஞ்சு இழை சேர்த்துக்கிடுங்க. முடிச்சு சுருக்கு முடிச்சா இருக்கணும். தாள் காயக் காயச் சுருங்கும், சாதாரண முடிச்சு நாலாம் நாள் நெகிழ்ந்து கொத்து கீழ விழும். சுருக்கு முடிச்சுன்னா பாரமே இழுத்து இறுக்கிக்கிடும்.

சாய்ப்புக்குக் கீழ மூங்கில் கம்பு குறுக்கே கட்டி, கொத்துக்கும் கொத்துக்கும் ஒரு சாண் விட்டு மாட்டுங்க. சுவரைத் தொடக் கூடாது. தொட்டா அந்தப் பக்கம் காயாது, பல்லியும் ஏறும். தாளோட தொங்கினா கழுத்தை நறுக்கவே தேவையில்ல, தானா முறுக்கி மூடிக்கிடும்.

தக்கலை_பாத்தி

அண்ணாச்சி, மூணு பாத்திக்கும் எத்தனை கொத்து வரும்னு கணக்குப் போடலாமா? இன்னொண்ணு, சில செடியில பூத்தண்டு வந்திருக்கு. சிலது கழுத்து விரல் கனத்துக்கு இருக்கு. இதையெல்லாம் சேர்த்துக் கட்டலாமா? செம்மண் ஒட்டினதைக் கழுவிட்டு உணத்தலாமா?

ஈத்தாமொழி_அண்ணாச்சி

கழுவவே கூடாதும்மா. மண்ணு காஞ்சா தானா உதிரும். 12 சதுர மீட்டர்ல நல்ல வெள்ளாமைன்னா 15, 18 கிலோ வரும், 20 கொத்துக்குள்ள அடங்கிரும்.

பூதப்பாண்டி_வயல்

பூத்தண்டு வந்தது தனி. அந்தத் தண்டு காயோட நடுவில ஓட்டையா நிக்கும். காஞ்சாலும் குழாய் மூடாது, ஈரமும் பூஞ்சாணமும் நேரா உள்ள இறங்கும். கழுத்து கனத்ததும் அப்படித்தான், உள்ள இன்னும் பச்சை இலை உயிரோட இருக்குன்னு அர்த்தம். கழுத்து கனக்கிறதுக்குப் பெரும்பாலும் பிந்திப் போட்ட யூரியாதான் காரணம். ஊணின 30 நாளோட தழைச்சத்தை நிறுத்திரணும். சாணிப்பால், கடலைப் புண்ணாக்குத் தண்ணி ஊத்துறவங்களுக்கும் இதே கணக்குதான், அதிலயும் தழைச்சத்துதான் இருக்கு. 45 நாளுக்கு மேல கொடுத்தா இலை கரும்பச்சையா நிக்கும், காய் அடங்காது.

பறிச்ச அன்னைக்கே மூணாப் பிரிச்சிருங்க. பூத்தண்டு, கனத்த கழுத்து, களைக்கொத்தி பட்டது, தோல் வெடிச்சது எல்லாம் அடுக்களைக்கு. தீயலுக்கும் சாம்பாருக்கும் ரெண்டு, மூணு வாரத்துக்குள்ள எடுத்திருங்க. சுண்டுவிரல் நுனி அளவுப் பொடிக்காயும் அதிக நாள் நிக்காது. எடைக்குத் தோல்பரப்பு கூடுதல், சீக்கிரம் சுருங்கிரும். மீதி இருக்கிற இறுக்கமான நடுத்தரக் காய்தான் சேமிப்புக்கு.

ஒண்ணு முக்கியம். சின்ன உள்ளி கொத்தா அடியில ஒட்டி இருக்கும். பச்சையா இருக்கும்போது பிரிச்செடுத்தா அடித்தட்டு (வேர் கிளம்புற அடிப்பாகம்) பிய்ஞ்சு புண்ணாகும். அடியழுகல் பூஞ்சாணம் நுழையிறது அந்தப் புண் வழியாத்தான். கொத்தாவே உணத்துங்க. காஞ்ச பிறகு கையில உருட்டினாலே தனித்தனியாப் பிரியும்.

குலசேகரம்_புரை

எங்க பக்கம் மலையடிவாரம், மாசியிலயே சாயங்காலம் இடியோட மழை இறங்கும். ரப்பர் ஷீட் உணத்துற புகைப்புரை இருக்கு. ரெண்டு நாள்ல காஞ்சிரும்னு சிலர் சொல்றாங்க. உள்ளியை அதில போடலாமா?

திருவட்டார்_தோட்டக்கலை

போடாதீங்க. ஷீட் புகைக்கிற புரையில சூடு 50, 60 டிகிரி வரைக்கும் ஏத்துவாங்க. ரப்பருக்கு அது வேணும், உள்ளிக்கு அது வேவிக்கிற சூடு. ரப்பர் வாடையும் புகையும் தோல்ல ஏறினா பிறகு போகாது.

மழை மூட்டத்தில மேசை மின்விசிறிதான் கை கொடுக்கும். ஒரு அறையில கட்டில்ல 5 செ.மீ. கனத்துக்கு மேல போகாமப் பரப்புங்க. விசிறியைக் கட்டில் மட்டத்துக்கு வச்சு, காத்து காய்க்கு மேலயும் கீழயும் போற மாதிரி திருப்பி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைங்க. ஜன்னலை அடைச்சா காய் விட்ட ஈரமே அறைக்குள்ள சுத்தும். வெளிய மழை கொட்டும்போது மட்டும் அடைச்சாப் போதும். 60 வாட் விசிறி நாள் முழுக்க ஓடினாலும் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்தான் ஆகும். முதல் நாலு நாள் ராத்திரியும் ஓடணும், அந்த நாலு நாள்லதான் ஈரம் அதிகமா வெளியேறும். பிறகு பகல் மட்டும். மொத்தம் 8, 10 நாள்.

தினம் ஒரு தடவை புரட்டினாப் போதும். அடிக்கடி கிளறினா மேல்தோல் உதிர்ந்து காய் அம்மணமா நிக்கும்.

ஆரல்வாய்மொழி_காத்து

கிழக்கே எங்களுக்கு நேர்மாறான சிக்கல். கணவாய்க் காத்து முப்பந்தல் காற்றாலையைச் சுத்துற வேகத்தில வந்தா நாலு நாள்ல தோல் பறந்துரும், காய் சுருங்கிரும். தை, மாசியில அவ்வளவு இல்ல. ஆனி, ஆடியில பறிக்கிறவங்க காத்து வர்ற மேற்குப் பக்கத்தில முடைஞ்ச ஓலைத் தட்டியை மறைப்பா நிறுத்தி, அதுக்குக் கிழக்கே பரப்பணும்.

தக்கலை_பாத்தி

காஞ்சிட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது? நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறுதே.

பூதப்பாண்டி_வயல்

கழுத்துச் சோதனைதான் முதல். காயோட தோளுக்கு மேல கழுத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில பிடிச்சு உருட்டுங்க. உள்ள வழுக்கிற மாதிரி, ஒண்ணுமேல ஒண்ணு நழுவுற மாதிரி தோணினா ஈரம் இருக்கு. காகிதச் சுருளை உருட்டின மாதிரி சரசரன்னு இருந்தா மூடிட்டு. சந்தேகமா இருந்தா ஒரு காயோட கழுத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்க. நடுவில பச்சைப் புள்ளி தெரிஞ்சா இன்னும் மூணு நாள்.

வேரையும் பாருங்க. பறிச்ச அன்னைக்கு வெள்ளை நூல் மாதிரி வளையிற வேர், காஞ்ச பிறகு விரலால தேய்ச்சாலே முறிஞ்சு உதிரும். மேல்தோல் ரெண்டு அடுக்காவது முழுசா நிறம் ஏறி, காயைக் குலுக்கினா சலசலக்கும்.

நம்பிக்கை வராதவங்களுக்கு எடைக் கணக்கு உண்டு. தாள் சருகான பிறகு ஒரு கிலோவை எடுத்து வலைப்பையில போட்டு மத்த உள்ளியோட அதே இடத்தில தொங்கவிட்டு, தினம் காலையில அதே நேரத்துக்கு அடுக்களைத் தராசில நிறுங்க. முதல் நாள்கள்ல 15, 20 கிராம்னு இறங்கும். தொடர்ந்து ரெண்டு நாள் 5 கிராமுக்குக் கீழ இறங்கினா உணத்தல் முடிஞ்சுது.

அதுக்குப் பிறகுதான் கத்தரி. கழுத்தை ரெண்டு செ.மீ.க்குக் குறையாம விட்டு நறுக்கணும். ஒட்ட நறுக்கினா மூடின வாயைத் திரும்பத் திறந்துவிட்ட கணக்கு. பச்சையில நறுக்கினா சாறு கசிஞ்சு ஒட்டும், அதில முதல்ல வர்றது கரும்பூஞ்சாணம். அடித்தட்டையும் கத்தியால சீவாதீங்க, வேரைக் கையால தேய்ச்சு விட்டாப் போதும்.

மணவாளக்குறிச்சி_மாடி

சேமிக்க ஃபிரிட்ஜ் ஆகாதா? கீழ்த்தட்டு காலியாத்தான் கிடக்கு.

திருவட்டார்_தோட்டக்கலை

ஆகாது. உள்ளி முளைக்க ஏத்த சூடு 10 முதல் 20 டிகிரி. குளிர்கிடங்குல பூச்சியத்துக்குப் பக்கத்தில, ஈரத்தையும் அடக்கி வைப்பாங்க, அங்க நிக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் அவ்வளவு குளிராது, காய்கறித் தட்டில ஈரம் வேற. கொஞ்ச நாள்ல வேர் விட்டு மெத்துன்னு ஆகும், வெளிய எடுத்தா வேகமா முளைக்கும். மறுபக்கம் 25, 30 டிகிரியிலயும் முளைப்பு அடங்கியே இருக்கும். நம்ம ஊர் சூடு உள்ளிக்கு எதிரி கிடையாது. எதிரி ஈரம்தான். காத்தில ஈரப்பதம் 65, 70 சதவீதம் இருந்தா நல்லது. அதுக்கு ரொம்பக் கீழ போனா சுருங்கும். 75ஐத் தாண்டினா வேர் விடத் தொடங்கும், பூஞ்சாணம் பிடிக்கும். இடவப்பாதியில இங்க காத்து நாள்கணக்கா 85க்கு மேல நிக்கும். ஆடி வரைக்கும் காப்பாத்துறது கஷ்டமா இருக்கிறது இதனாலதான்.

ஈத்தாமொழி_அண்ணாச்சி

அதுக்குத்தான் விறகடுப்புக்கு மேல பரண் கட்டி அதில உள்ளியும் புளியும் வச்சாங்க. மழைக்காலத்தில வீட்டுக்குள்ள காஞ்ச இடம் அது ஒண்ணுதான்.

திருவட்டார்_தோட்டக்கலை

அண்ணாச்சி சொல்றதுக்குக் கணக்கே இருக்கு. 25 டிகிரியில 85 சதவீத ஈரப்பதம் உள்ள காத்தை அப்படியே 30 டிகிரிக்குச் சூடாக்கினா ஈரப்பதம் 63க்கு இறங்கும். தண்ணி குறையலை, சூடான காத்துக்குத் தண்ணியைத் தாங்குற கொள்ளளவு கூடினதால ஈரப்பதம் குறைஞ்சுது. வெறும் அஞ்சு டிகிரி. அடுப்புப் பரண் செய்யிற வேலை இதுதான்.

ஆனா கேஸ் அடுப்புக்கு மேல இருக்கிற அலமாரி பரண் ஆகாது. குக்கர் ஆவி நேரா அங்க போகும், சூட்டை விட ஈரம்தான் கூடுதலா ஏறும். விறகடுப்பு இல்லாத வீட்டில, ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கச் சூடு போற சுவர் ஓரம், இல்லைன்னா மாடிப்படிக்குக் கீழ காத்தோட்டம் உள்ள மேல்தட்டு பார்க்கலாம். ஓட்டுக்கு உடனே கீழ இருக்கிற மச்சு பகல்ல சூடேறும், ஆனா ஒழுகலைச் சரிபாக்காம வைக்காதீங்க.

பூதப்பாண்டி_வயல்

பாத்திரம் பத்தி சொல்றேன், இதில நிறைய பேர் தப்பு செய்றாங்க.

ஓலைப்பெட்டி, கடவம் ரெண்டும் சுமக்கத்தான் லாயக்கு. நெருக்கமா முடைஞ்சது, நடுவில இருக்கிற காய்க்குக் காத்து எட்டாது. பிளாஸ்டிக் வாளி, மூடி போட்ட டப்பா பேச்சே வேண்டாம். சணல்சாக்கு மழைக்காலத்தில ஈரத்தைக் குடிச்சு நிக்கும். சிவப்பு வலைப்பையில 3 கிலோவுக்கு மேல போடாம ஆணியில தொங்கவிடலாம். கயிறு உறி இன்னும் நல்லது. காய்கறிச் சந்தையில கிடைக்கிற ஓட்டைக் கூடையில அடுக்கினா ஒரு சாண் உயரத்துக்கு மேல நிரப்பாதீங்க. கூடையைத் தரையில வைக்காம ரெண்டு செங்கல்மேல ஏத்தி, சுவருக்கு ஒரு சாண் தள்ளி வைக்கணும். கூடைமேல கூடை வச்சா நடுவில மரச்சட்டம் கொடுங்க.

பெரிய அளவில வச்சிருக்கிறவங்க பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் போடுற பட்டறையோட சூத்திரமும் இதேதான். தரையிலிருந்து கல்லோ கட்டையோ கொடுத்துத் தூக்கின தளம், காத்து நுழையிற பக்கச்சுவர், மேல மழை இறங்காத கூரை, குறுகலான அகலம். காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போகணும், அகலம் கூடினா நடுவில தேங்கிரும். அந்தப் பட்டறையை அப்படியே இங்க கொண்டு வந்து முற்றத்தில போட்டா பலிக்காது. அங்க இருக்கிற வறண்ட காத்து இங்க ஆனி, ஆடியில கிடையாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் கூரைக்கு உள்ளதான் சரிப்படும்.

உருளைக்கிழங்கோட சேர்த்து வைக்காதீங்க. கிழங்கு விடுற ஈரத்தை உள்ளி வாங்கிக்கிடும்.

குலசேகரம்_புரை

வச்ச பிறகு கெடுறதை எப்படி முன்னாலயே பிடிக்கிறது?

பூதப்பாண்டி_வயல்

முதல் மாசம் வாரம் ஒரு தடவை பாருங்க. பறிப்பில பட்ட அடியும் மூடாத கழுத்தும் அந்த மாசத்திலதான் வெளிய வரும். மழை தொடங்கின பிறகு வாரம் ரெண்டு. கொட்டிக் கிளறாண்டாம், உறியைத் தூக்கி அடியில மோந்து பாருங்க. அழுகல் வாடை கண்ணுக்கு முன்னால மூக்குக்குத் தெரியும்.

ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற. வெளித்தோலுக்குக் கீழ நரம்பு ஓட்டத்தில கரிப்பொடி மாதிரி தெரிஞ்சா கரும்பூஞ்சாணம். 30 டிகிரி சூட்டில ஈரமும் சேர்ந்தா வரும், அதாவது காத்தோட்டம் போதல. பொடி தோலோட நின்னா அந்த அடுக்கை உரிச்சுக் கழுவிச் சமைக்கலாம், சதைக்குள்ள இறங்கினதைத் தூர எறியுங்க. தோளை அழுத்தினா உள்ள நெகிழ்ந்து, நாத்தத் தண்ணி கசிஞ்சா பாக்டீரியா அழுகல். கழுத்து ஈரத்தோட நறுக்கினது, இல்லைன்னா மழையில பறிச்சது. ஒண்ணு கசிஞ்சா சுத்தி இருக்கிற காய்மேலயும் அந்தத் தண்ணி படும், அதனால அதைத் தொட்டுக்கிட்டிருந்த காய் எல்லாத்தையும் எடுத்துத் துடைச்சுத் தனியா வச்சு முதல்ல செலவழிங்க. அடித்தட்டில வெள்ளைப் பஞ்சு மாதிரி படிஞ்சு, அங்கேருந்து மேல நோக்கி மெத்துன்னு ஆகிக்கிட்டு வந்தா அடியழுகல். அது மண்ணிலிருந்தே வந்தது, சேமிப்புக் குத்தம் இல்ல. அடுத்த வருஷம் அந்தப் பாத்தியில உள்ளி, பூண்டு போடாதீங்க.

காய் இறுக்கமாத்தான் இருக்கு, எடை மட்டும் இல்லைன்னா உள்ள காஞ்சு சுருங்குது. இடம் ரொம்ப வறட்சி, அல்லது மேல்தோல் உதிர்ந்த காய். அடியில புதுசா வெள்ளை வேர் எட்டிப் பார்த்தா இடம் ஈரம். உடனே இடத்தை மாத்துங்க, அடுத்தது முளைதான்.

தக்கலை_பாத்தி

முளைக்காம இருக்க மருந்து அடிக்கலாம்னு படிச்சேன். அதுவும் விதையுள்ளிக்கு எடுத்து வைக்கிறதும் பத்தி சொன்னா நல்லா இருக்கும்.

திருவட்டார்_தோட்டக்கலை

மாலிக் ஹைட்ரசைடு பத்தி சொல்றீங்க. பறிப்புக்கு 15 நாள் முன்னால, இலை பச்சையா இருக்கும்போது 2500 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 2500 பங்கு) கரைசலா அடிக்கிறது. இலை வழியா காய்க்கு இறங்கினாத்தான் வேலை செய்யும். உங்க தாள் பாதி சாஞ்சாச்சு, இனி அடிச்சுப் பலன் இல்ல. வியாபாரத்துக்கு மாசக்கணக்கா வைக்கிறவங்களுக்கு உள்ளது அது. 15 கிலோ வீட்டு உள்ளிக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். அடிச்ச உள்ளி விதைக்கும் ஆகாது, முளையைத்தானே அடக்குது.

பூதப்பாண்டி_வயல்

விதைக்குக் காய் எடுக்கும்போது பெரிசா இருக்கிறதைத் தேடாதீங்க. நடுத்தரம், கழுத்து மெல்லிசு, நோய் இல்லாத கொத்திலிருந்து. 10க்கு 15 செ.மீ. இடைவெளியில ஒரு சதுர மீட்டருக்கு 66 காய் வேணும், மூணு பாத்திக்கு 800. பறிச்ச உடனே திரும்ப ஊணினா சீரா முளைக்காது, ஒன்றரை, ரெண்டு மாசமாவது உறக்கத்தில கிடக்கணும்.

ஆனா மாசியில எடுத்ததை அடுத்த கார்த்திகை வரைக்கும் ஒன்பது மாசம் வைக்கிறது இந்த ஈரக்காத்தில நடக்காத காரியம். பாதிக்கு மேல முளைச்சோ அழுகியோ போயிரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, அங்க வைகாசிக் கடைசியில ஒரு பாத்தி மட்டும் விதைக்குன்னே ஊணி ஆவணியில பறிச்சா, கார்த்திகைக்கு மூணு மாச உறக்கத்தோட விதை தயாரா இருக்கும். ஆவணியில மழை பெரும்பாலும் கொஞ்சம் ஓயும், உணத்தவும் இடைவெளி கிடைக்கும்.

தக்கலை, குலசேகரம் பக்கம் ஆனி மழையில உள்ளிக்குத் திருகல் நோய் வரும், இலை முறுக்கிக் கழுத்து நீண்டு காயே பிடிக்காது. அங்க ரெண்டு வழிதான். ஐப்பசியில விதையுள்ளி புதுசா வாங்குங்க, வாங்கும்போது கழுத்து காஞ்சதா, அடியில வேர் விடாததான்னு பார்த்து வாங்குங்க. இல்லைன்னா விதையிலிருந்து வளர்க்கிற கோ ஆன் 5 ரகம் இருக்கு. நாற்று விட்டு நடணும், நாள் கொஞ்சம் கூடுதல் எடுக்கும், அதனால நாற்றை ஐப்பசியிலேயே மழை படாத இடத்தில தட்டில போட்டிருங்க. பறிப்பு மாசி தாண்டிப் போகக் கூடாது. பங்குனிக் கடைசியில இருந்து கோடை மழை வந்துரும்.

தக்கலை_பாத்தி

சரி. இன்னையோட தண்ணி நிறுத்திட்டேன். சாய்ப்புல மூங்கில் கம்பு கட்ட இடம் இருக்கு. பூத்தண்டு உள்ளதுக்கெல்லாம் இப்பவே ஒரு நூல் கட்டி அடையாளம் வச்சிரலாமா? தாள் சருகான பிறகு எது எதுன்னு தெரியாதே.

ஈத்தாமொழி_அண்ணாச்சி

நல்ல யோசனைம்மா. நூலுக்கும் மேல, அதை மட்டும் இப்பவே பிடுங்கிச் சமையலுக்கு எடுத்திரலாம். பூத்தண்டு வந்த காய் இனி பெருக்காது. பக்கத்துச் செடி வேர் அசையாம எடுங்க.